வானலையும் கணினியும் சேரும் இடம்

வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடையில் தொழில் பயின்று, பிற்காலத்தில் பொறியியற் கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களிலும் அமெச்சூர் வானொலி அன்பர்களின் வீடுகளிலும் மென்பொருள் வானொலிச் சாதனங்களைக் கணினியோடு இணைத்துக் கொடுப்பதையே ஜீவனமாகக் கொண்டவன் நான். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வேலைகள் என்றே பலரும் எண்ணுகிறார்கள். முன்னது பற்றவைக்கும் கோலைப் பிடித்த கையின் தொழில், பின்னது விசைப்பலகையின்மேல் ஓடும் விரல்களின் தொழில் என்று அவர்கள் பிரித்துப் பேசுவதை அடிக்கடி கேட்டிருக்கிறேன். சாதனத்தை யு.எஸ்.பி. போர்ட்டில் செருகினால் தீர்ந்தது, மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்பதும் அவர்களுடைய அபிப்பிராயம். என் அனுபவமோ இதற்கு நேர்மாறானது. ஆகாயத்தில் வரும் அலை எண்ணாக மாறிக் கணினிக்குள் பிரவேசிக்கும் அந்தக் குறுகிய இடத்தில்தான், பழைய பெட்டிகளில் வால்வுகளிலும் சுருள்களிலும் பரந்து கிடந்த சூக்ஷ்மங்கள் யாவும் இன்று வந்து ஒடுங்கியிருக்கின்றன. அந்த இடத்தைச் செம்மையாக அமைக்கத் தெரிந்தவனுக்கே வானொலி வசப்படுகிறது.

1980-களின் தொடக்கத்தில் கும்பகோணத்தில் நான் எடுபிடியாகச் சேர்ந்த கடைக்கு வந்த பெட்டிகள் அநேகமாக எல்லாமே, எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கர் 1918-ஆம் ஆண்டில் வகுத்துக் கொடுத்த சூப்பர்ஹெட் முறையில் இயங்குபவை. எந்த நிலையத்துக்கு முள்ளைத் திருப்பினாலும் அதன் அலையை 455 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே இடைநிலை அலைவெண்ணுக்கு மாற்றி, அங்கே அதைப் பெருக்கி, பிறகு அதிலிருந்து குரலைப் பிரித்தெடுப்பது அம்முறையின் சாரம். கேங்க் கண்டன்சரின் தகடுகளைச் சீராக்குவதும், ஐ.எஃப்.டி. என்று நாங்கள் சொல்லும் சிறு தகரக் கூடுகளின் தலையிலுள்ள ஃபெரைட் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பித் திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் ஒலியைத் துலக்குவதும் எங்கள் நித்திய வேலை. அந்தத் திருகை இரும்புத் திருப்புளியால் தொடவே கூடாது. தொட்டால் இரும்பே சுருளின் தன்மையை மாற்றிவிடும், திருப்புளியை எடுத்ததும் எல்லாம் பழையபடி கலைந்துவிடும். “தம்பி, நீ பக்கத்துல நிக்கறதே அதுக்குத் தெரியும்” என்பார் எங்கள் முதலாளி. அளக்கும் கருவியும் அளப்பவனும் அளக்கப்படும் பொருளைப் பாதிக்கிறார்கள் என்ற அந்தப் பாடத்தை, கணினியை வானொலியோடு சேர்க்கும் ஒவ்வொரு தருணத்திலும் நான் நினைத்துக்கொள்கிறேன்.

1990-களின் தொடக்கத்தில் ஜோசப் மிடோலா என்ற பொறியாளர் மென்பொருள் வானொலி என்னும் கருத்துக்குப் பெயரும் உருவமும் கொடுத்து எழுதியபோது, அதன் உட்பொருள் மிகவும் எளிதாகவே இருந்தது. ஆன்டெனாவிலிருந்து வரும் அலையைக் கூடிய மட்டும் விரைவில், அதாவது சுருளும் வடிகட்டியும் அதிகம் தொடுவதற்கு முன்பே, கணந்தோறும் அளந்து எண்களாக்கிவிடுவது. நிலையத்தைத் தேர்வது, வடிகட்டுவது, குரலைப் பிரிப்பது ஆகிய ஏனைய காரியங்களையெல்லாம் கணிதத்தின் பொறுப்பில் விட்டுவிடுவது. அப்படி அளக்கும்போது ஒரு கணத்துக்கு ஓர் எண் போதாது. ஒன்றுக்கொன்று 90 பாகை விலகி நிற்கும் இரண்டு அளவுகள் வேண்டும். அவற்றைத் தொழில் அறிந்தோர் ஐ என்றும் கியூ என்றும் அழைக்கிறார்கள். இவ்விரண்டும் கூடி நின்றால்தான் மைய அலைவெண்ணுக்கு மேலே இருக்கும் நிலையம் எது, கீழே இருக்கும் நிலையம் எது என்று கணினியால் பிரித்தறிய முடியும். 1965-இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட விரைவுக் கணிப்பு முறையின் உபகாரத்தால், இவ்வெண்களைக் கொண்டு ஒரு பெரும் அலைப்பரப்பு முழுவதையும் திரையில் ஒரே சமயத்தில் படமாக விரிக்கவும் முடிகிறது. காதால் மட்டும் துழாவிய தொழிலில் வளர்ந்த எனக்கு, நிலையங்கள் யாவும் ஒளிக்கோடுகளாக மேலிருந்து கீழே வழியும் அந்த வாட்டர்ஃபால் காட்சியை முதன்முதலில் கண்டபோது உண்டான பரவசத்தை இன்றைக்கும் மறக்க இயலவில்லை.

அக்காட்சியை நான் முதலில் கண்டது யு.எஸ்.பி. வழியாக அன்று, கணினியின் சவுண்ட் கார்டு வழியாக. ஜெரால்ட் யங்பிளட் என்ற அமெரிக்க அமெச்சூர் 2002-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரைத் தொடர், சாமானியர்களும் தம் மேசைக் கணினியைக் கொண்டு இவ்வித்தையைச் செய்யலாம் என்று காட்டிற்று. அதற்குப் பின் சாஃப்ட்ராக் என்ற சிறு கிட்டுகள் உலகெங்கும் பரவின. அவற்றின் ஐ, கியூ என்ற இரண்டு வெளியீடுகளையும் ஸ்டீரியோவின் இடது வலது காதுகளாகப் பாவித்து லைன்-இன் துளையில் கொடுப்போம். சவுண்ட் கார்டு ஒரு விநாடிக்கு 48,000 முறை அளந்தால் 48 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைப்பரப்பு திரையில் தெரியும். 96,000 முறை அளந்தால் அது இரு மடங்காகும். விலையுயர்ந்த மடிக்கணினியை வாங்கி வைத்துக்கொண்டு என்னை அழைத்த அன்பர்கள் பலர், 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒவ்வொரு நிலையமும் மையத்துக்கு இருபுறமும் கண்ணாடிப் பிரதிபிம்பம்போல் இரண்டு முறை தோன்றுகிறதே என்று கவலைப்பட்டார்கள். காரணம் ஒன்றே: அவர்களுடைய கணினியில் இருந்தது ஒற்றைக் காதுள்ள மைக் துளை, ஐ, கியூ இரண்டில் ஒன்று மட்டுமே உள்ளே போய்க்கொண்டிருந்தது. மலிவான வெளி சவுண்ட் கார்டு ஒன்றை, ஸ்டீரியோ உள்ளீடு உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொன்னால் குறை தீர்ந்துவிடும். அதற்கடுத்தாற்போல் வருவது 50 ஹெர்ட்ஸ் ஹம். கணினிக்கும் வானொலிக்கும் இரு வேறு வழிகளில் எர்த் கிடைக்கும்போது அவற்றிடையே ஓடும் மின்னோட்டம் அது. ஒன்றுக்கொன்று சமமான சுற்றுகள் உள்ள சிறு ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரை நடுவே வைத்தால் அடங்கும்.

இந்தத் தொழிலின் போக்கையே மாற்றியது 2012-ஆம் ஆண்டு. ஐரோப்பிய நாடுகளில் தரைவழி டிஜிட்டல் தொலைக்காட்சியைக் கணினியில் பார்ப்பதற்கென்று விரலளவு டாங்கிள்கள் விற்பனையில் இருந்தன. அவற்றின் உள்ளே ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்.டி.எல். 2832யு என்ற சில்லு இருந்தது. லினக்ஸுக்கு டிரைவர் எழுதிவந்த ஆன்டி பலோசாரி என்ற பின்லாந்துக்காரர், அந்த டாங்கிள் எஃப்.எம். வானொலியைக் கேட்கும்போது தானாக எதையும் பிரித்தெடுப்பதில்லை, அளந்த எண்களை அப்படியே கணினிக்கு அனுப்பிவிடுகிறது என்று அவ்வாண்டின் தொடக்கத்தில் கண்டறிந்து வெளியிட்டார். ஆஸ்மோகாம் குழுவினர் அதற்கான மென்பொருளை எழுதி உலகுக்கு இலவசமாக அளித்தனர். லட்சக்கணக்கான ரூபாய் பெறும் யு.எஸ்.ஆர்.பி. போன்ற கருவிகளைப் பூட்டிய அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னே மட்டும் பார்த்திருந்த மாணவர்களால், அதன்பின் தங்கள் கைச்செலவுப் பணத்தில் ஒரு வானொலி ஆய்வுக்கூடத்தை வாங்க முடிந்தது. தொலைக்காட்சிக்கென்று பிறந்த அற்ப சாதனம், 24 மெகாஹெர்ட்ஸ் முதல் 1,700 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வரையில் எதையும் கேட்கும் கருவியானதை எங்கள் காலத்தின் பெரும் பாக்கியமாகவே கருதுகிறேன்.

ஆனால் டாங்கிளைச் செருகியவுடன் கணினி அதைத் தொலைக்காட்சிப் பெட்டியாகவே அடையாளம் கண்டுகொள்கிறது. பிறப்பில் அது அதுதானே! விண்டோஸ் தொலைக்காட்சிக்குரிய டிரைவரைத் தேடிப் பூட்டுகிறது. லினக்ஸோ தன் கெர்னலிலேயே இருக்கும் தொலைக்காட்சி மாட்யூலை உடனே எழுப்பிச் சாதனத்தை அதன் கையில் ஒப்படைத்துவிடுகிறது. பழைய குடித்தனக்காரர் காலி செய்யாத வீட்டில் புதியவர் பால் காய்ச்ச முடியாததுபோல், அந்த டிரைவர் விலகாத வரையில் வானொலி மென்பொருள் உள்ளே நுழைய இயலாது. சாதனம் வேறொருவர் வசம் இருக்கிறது என்ற செய்தி மட்டுமே திரையில் வரும். லினக்ஸில் அந்த மாட்யூலின் பெயரைத் தடைப்பட்டியலில் எழுதி வைத்து, சாதாரணப் பயனருக்கும் சாதனத்தைத் திறக்கும் அனுமதி தரும் விதி ஒன்றைச் சேர்த்து, கணினியை மறுபடி தொடங்கினால் காரியம் முடிந்தது. விண்டோஸில் ஸாடிக் என்ற சிறு செயலியைத் திறந்து, எல்லாச் சாதனங்களையும் காட்டும்படி சொல்லி, பல்க்-இன் என்றும் இன்டர்ஃபேஸ் 0 என்றும் குறிக்கப்பட்டிருக்கும் வரியைத் தேர்ந்து, அதற்கு வின்யு.எஸ்.பி. டிரைவரை இட வேண்டும். இங்கே அவசரம் உதவாது. அந்தப் பட்டியலில் மவுஸும் கீபோர்டும்கூட வரிசையில் நிற்கும். தவறான வரியில் டிரைவரை மாற்றினால் மவுஸ் அந்த நிமிஷமே செயலற்றுப் போகும். ஆகவே மாணவர்களை டாங்கிளை ஒரு முறை செருகவும், ஒரு முறை பிடுங்கவும் சொல்லி, பட்டியலில் எந்த வரி தோன்றி மறைகிறது என்று அவர்கள் கண்ணாலேயே பார்க்கும்படி செய்வேன். ஒரு போர்ட்டில் செய்த ஏற்பாடு பக்கத்துப் போர்ட்டில் சில சமயம் செல்லாது என்பதால், எந்தத் துளையில் வேலை நடந்ததோ அதன் அருகே பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு வருவதும் என் வழக்கம்.

டிரைவர் அமைந்தபின் எண்களின் பிரவாகத்தைக் கவனிக்க வேண்டும். விநாடிக்கு 24 லட்சம் சாம்பிள்கள், ஒவ்வொன்றுக்கும் ஐ, கியூ என இரண்டு பைட்டுகள், ஆக விநாடிக்கு 48 லட்சம் பைட்டுகள் அந்த மெல்லிய கேபிள் வழியே இடைவிடாமல் ஓடியாக வேண்டும். யு.எஸ்.பி. 2.0-இன் 480 மெகாபிட் வேகத்துக்கு முன் இது பெரிய சுமையன்று. இருந்தபோதிலும் இது பல்க் என்ற முறையில் பயணம் செய்வதால், குறித்த நேரத்தில் போய்ச் சேரும் என்ற உத்தரவாதம் எதுவும் இதற்கில்லை; அதே ஹப்பில் வெளி ஹார்ட் டிஸ்க்கோ கேமராவோ வந்து பங்கு கேட்டால் சாம்பிள்கள் நடுவிலே சிதறிப்போகும். சாதனம் 32 லட்சம் வரை ஏறும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அந்த உச்சிக்கே திருப்பி வைப்பவர்கள் உண்டு. அங்கே அது நிலைத்து நிற்பதில்லை. எஃப்.எம். பாட்டு கேட்பவனுக்கு இந்த இழப்பு சிறு விக்கலாகத் தோன்றும். 1090 மெகாஹெர்ட்ஸில் விமானங்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் செய்திகளைச் சேகரிப்பவனுக்கோ அது சர்வ நாசம். ஏனெனில் அங்கே ஒரு செய்தியின் 112 பிட்டுகளும் ஒவ்வொன்று ஒரு மைக்ரோவிநாடியாக ஓடி முடிந்துவிடுகின்றன, நடுவில் ஒரு துணுக்குப் போனாலும் முழுச் செய்தியும் தள்ளப்படும். ஆகையால் புதிய கணினி எதுவாயினும், பாட்டு கேட்பதற்கு முன்னால் ஆர்.டி.எல். டெஸ்ட் என்ற சோதனைச் செயலியைச் சற்று நேரம் ஓடவிட்டு, பைட்டுகள் தொலைந்ததாக அது முறையிடுகிறதா என்று பார்ப்பதை நான் ஒருபோதும் விடுவதில்லை.

இனி இரைச்சலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலின் ஜீவநாடி அங்கேதான் இருக்கிறது. நாம் எதன் துணையால் மெல்லிய அலைகளைக் கேட்க விரும்புகிறோமோ அந்தக் கணினியே நம் அறையிலுள்ள மிகப் பெரிய வானலை இரைச்சல் யந்திரம். அதன் செயலியும் நினைவகமும் திரையும் சார்ஜரும் ஓயாமல் அலைகளைக் கக்கிக்கொண்டிருக்கின்றன. அதன் வயிற்றோடு ஒட்டிச் செருகப்பட்ட டாங்கிள் அந்த இரைச்சலைத்தான் முதலில் கேட்கும். ஒரு கல்லூரியில் புது ஆய்வுக்கூடம் திறந்திருந்தார்கள்; திரை முழுதும் சம இடைவெளியில் நெட்டுக்குத்தாகக் கோடுகள், நடுநடுவே உண்மையான நிலையங்கள் மங்கிக் கிடந்தன. சாதனம் பழுது என்று திருப்பி அனுப்பத் தீர்மானித்திருந்தார்கள். நான் முதற்காரியமாக மடிக்கணினியின் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கச் சொன்னேன். பாட்டரியில் ஓடத் தொடங்கியதும் இரைச்சல் மட்டம் கண்முன்னே இறங்கிற்று. அடுத்து டாங்கிளை நல்ல கவசமுள்ள யு.எஸ்.பி. நீட்டிப்புக் கேபிளால் கணினியை விட்டு விலக்கி, கேபிளின் இரு முனைகளிலும் ஃபெரைட் வளையங்களைக் கவ்வ வைத்து, கடைசியில் மேசைக்கு நேர் மேலிருந்த எல்.இ.டி. விளக்கை அணைத்தோம், கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்து, 118 மெகாஹெர்ட்ஸுக்கு மேலேயுள்ள விமானப் பட்டையின் மெல்லிய சுவடுகள் தோன்றின. “சார், டாங்கிள் நல்லாத்தான் இருந்துதா?” என்று கேட்டான் அருகில் நின்ற மாணவன். “அது ஒழுங்காத்தான் கேட்டுட்டிருந்துது தம்பி. நாமதான் பக்கத்துல உக்காந்து கத்திட்டிருந்தோம்” என்றேன்.

அந்த நீட்டிப்புக் கேபிள் 5 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது யு.எஸ்.பி. 2.0-இன் எல்லை, மலிவான கேபிள்களில் அதில் பாதியிலேயே மின்னழுத்தம் தளர்ந்துவிடும். டாங்கிள் ஏறத்தாழ 300 மில்லி ஆம்பியர் உறிஞ்சுகிறது. போர்ட் 500 வரை தரும் என்றாலும், மெல்லிய செம்பு வழியே போய்ச் சேரும்போது 5 வோல்ட் 5 வோல்ட்டாக இருப்பதில்லை. செருகியது அடிக்கடி தானாகக் கழன்று மறுபடி ஒட்டிக்கொள்வதுபோல் கணினி மணியடித்துக்கொண்டிருந்தால், மென்பொருளைத் திட்டுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும்.

அலையைப் பெருக்கும் அளவாகிய கெயினைப் பற்றியும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். டாங்கிளின் ட்யூனரில் 0 முதல் ஏறக்குறைய 50 டெசிபெல் வரை கெயின் இருக்கிறது; புதிதாகக் கையில் எடுப்பவர்கள் எல்லாரும் அதை உச்சியில் கொண்டுபோய் வைக்கிறார்கள். டாங்கிளின் எட்டு பிட் அளவுகோலில் 256 படிகளே உண்டு. சென்னை போன்ற நகரில் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையில் பலமான எஃப்.எம். நிலையங்கள் நெருக்கமாக நிற்கின்றன, 101.4-இல் ஒலிக்கும் அகில இந்திய வானொலியின் ரெயின்போவும் அதன் அண்டை அயலாரும் சேர்ந்து அந்தப் படிகளையெல்லாம் நிரப்பிவிட்டால், எளிய அலைக்கு அங்கே நிற்க இடமேது? அதோடு நில்லாமல், இல்லாத இடங்களிலெல்லாம் அந்த நிலையங்களின் பேய் உருவங்கள் முளைக்கும். நான் கைக்கொண்ட முறை இது: ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு இரைச்சல் மட்டத்தைக் குறித்துக்கொள்வது, பிறகு மாட்டி, கெயினைக் கீழிருந்து படிப்படியாக ஏற்றுவது, ஆன்டெனாவிலிருந்து வரும் இரைச்சல் சாதனத்தின் சொந்த இரைச்சலைச் சற்றே மீறித் தலைகாட்டும் இடத்தில் கையை எடுத்துவிடுவது. அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு டெசிபெலும் நஷ்டம். எஃப்.எம். பட்டையைத் தடுக்கும் சிறு வடிகட்டி ஒன்றை ஆன்டெனாவுக்கும் டாங்கிளுக்கும் நடுவே வைப்பது நகரவாசிகளுக்கு அநேகமாக அத்தியாவசியம்.

காலத்தின் கணக்கும் இந்த இணைப்பில் சம்பந்தப்பட்டது. டாங்கிளின் உள்ளே 28.8 மெகாஹெர்ட்ஸில் அதிரும் ஒரு படிகமே அதற்குக் கடிகாரம். விலை குறைந்தவற்றில் அது பத்து லட்சத்தில் 50 பங்கு, அதாவது 50 பி.பி.எம்., பிசகியிருப்பது சகஜம். 100 மெகாஹெர்ட்ஸில் அது 5 கிலோஹெர்ட்ஸ் விலகலாகவும், 1,000 மெகாஹெர்ட்ஸில் 50 கிலோஹெர்ட்ஸ் விலகலாகவும் தெரியும். சூடு ஏற ஏற அது நகர்ந்துகொண்டே போகும். ஆதலால் செருகிய உடனே திருத்தம் செய்வது வீண். சாதனம் தன் வெப்பத்தில் நிலைகொள்ளும் வரை காத்திருந்து, அலைவெண் நிச்சயமாகத் தெரிந்த ஒரு நிலையத்தைக் கொண்டு சரிபார்த்து, பி.பி.எம். எண்ணை மென்பொருளில் எழுத வேண்டும். வெப்பத்துக்கு ஈடுகொடுக்கும் டி.சி.எக்ஸ்.ஓ. படிகம் பொருத்திய டாங்கிள்களில் இந்தப் பிரயாசை பெரும்பாலும் இல்லை. சற்று அதிகப் பணம் கொடுத்தாலும் அதையே வாங்கும்படி எல்லாருக்கும் சொல்லி வருகிறேன்.

கடிகாரங்கள் எவ்வளவு நுட்பமாக ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன என்பதை நான் மனத்தில் ஆழப் பதித்துக்கொண்டது, 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் வர்தா புயல் சென்னையை நோக்கி வந்த நாட்களில். நோவா 15, 18, 19 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்கள் அப்போது 137 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், தாம் கண்ட மேகக்காட்சியை விநாடிக்கு இரண்டு வரிகளாகப் பூமிக்கு அனுப்பிக்கொண்டே துருவத்துக்குத் துருவம் சுற்றிவந்தன. ஏறக்குறைய 850 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் அவை நம் தொடுவானில் உதித்து மறைவதற்குக் கால் மணி நேரம் ஆகும். தலா 53 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு அலுமினியக் குழாய்களை 120 பாகையில் வி வடிவாகப் பிணைத்து, மொட்டைமாடியில் கிடைமட்டமாக நிறுத்தியிருந்தோம். டாங்கிளிலிருந்து வரும் எண்களை ஒரு செயலி ஒலியாக்கும். அவ்வொலியை ஒரு மென்பொருள் கேபிள் இன்னொரு செயலிக்குக் கொண்டுபோகும். அச்செயலி அதைப் படமாக்கும். வன்பொருளைக் கணினியோடு இணைத்ததுபோலவே, கணினிக்குள்ளும் ஒரு செயலியை இன்னொன்றோடு பிசகின்றி இணைக்க வேண்டியிருந்தது.

டிசம்பர் 11-ஆம் தேதி பிற்பகல் நோவா 19 கடந்து சென்றபோது, திரையில் வரிவரியாக இலங்கையின் விளிம்பும் சோழமண்டலக் கரையும் அவற்றுக்குக் கிழக்கே வங்கக் கடலில் திரண்டு சுழன்ற வெண்மேகமும் உருவாகி வந்தன. கூடியிருந்த மாணவர்கள் வாய் பேசாது நின்றார்கள். படமோ முழுதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கரை தன் இயல்பான கோட்டில் இல்லாமல் மூலைவாட்டாக ஓடிற்று. ஆன்டெனா சாய்ந்துவிட்டதோ என்று மாடிக்கு ஓட ஒருவன் எழுந்தான். அவனை அமர்த்தினேன். ஆன்டெனாவின் குறை புள்ளி புள்ளியான இரைச்சலாகத் தெரியுமே ஒழியச் சாய்வாகத் தெரியாது. ஒவ்வொரு வரியும் அரை விநாடிக்குச் சரியாகத் தொடங்க வேண்டும். அந்த அரை விநாடியை அளக்கும் கடிகாரம் சிறிது மெதுவாகவோ விரைவாகவோ ஓடினால், அடுத்தடுத்த வரிகள் இம்மியிம்மியாக விலகிப் படம் முழுதும் சாய்ந்துபோகும். அந்தக் கணினியில் ஒலியின் சாம்பிள் வேகத்தை வகுத்த கடிகாரமே பிசகியிருந்தது. செயலியில் சாய்வுத் திருத்தத்தின் எண்ணை மாற்றியதும் கரை நிமிர்ந்து தன் இடத்தில் நின்றது, புயலின் மையம் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்று எங்களால் கோல் வைத்துப் பார்க்க முடிந்தது. மறுநாள் அது சென்னைக்கருகே கரையைக் கடந்து, நகரத்தின் மரங்களைச் சாய்த்துப் போயிற்று. மின்சாரம் திரும்பப் பல இடங்களில் நாட்கள் ஆயின. எங்கள் குழாய் ஆன்டெனாவை முந்தின இரவிலேயே கழற்றிக் கீழே கொண்டுவந்திருந்தோம். அந்த மூன்று செயற்கைக்கோள்களும் 2025-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றுவிட்டன. ரஷ்யாவின் மீட்டியார் வரிசை அதே 137 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் டிஜிட்டல் முறையில் படம் அனுப்புகிறது. அந்த ஆன்டெனாவே அதற்கும் போதும்.

ஆன்டெனா மாடியிலும் கணினி கீழேயும் இருக்கும்போது நடுவிலுள்ள தூரத்தை எதனால் கடப்பது என்பது தினந்தோறும் என்னிடம் கேட்கப்படும் கேள்வி. ஆர்.ஜி. 58 என்ற சாதாரணக் கோஆக்ஸியல் கேபிளில் 1,000 மெகாஹெர்ட்ஸ் அலை 10 மீட்டர் பயணம் செய்தால் அதன் வலிமையில் முக்கால் பங்கு வழியிலேயே கரைந்துவிடும். ஆகவே அலையை நீண்ட தூரம் இழுப்பதைவிட எண்ணை இழுப்பதே உத்தமம். டாங்கிளையும் ஒரு ராஸ்பெர்ரி பை கணினியையும் ஆன்டெனாவின் அடியிலேயே பெட்டியில் வைத்து, ஆர்.டி.எல். டி.சி.பி. என்ற சேவையால் சாம்பிள்களை ஈதர்நெட் கேபிளில் கீழே அனுப்பினால், 50 மீட்டர் தாண்டியும் ஒரு எண்கூடத் தேயாமல் வந்து சேர்கிறது. வைஃபையை இதற்கு நம்பலாகாது. அந்தப் பிரவாகத்தை அது இடையறாமல் தாங்குவதில்லை. சித்திரை வைகாசி வெயிலில் மூடிய பெட்டிக்குள் டாங்கிள் கொதித்துப்போய், 1,500 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே தன் அலைவெண்ணைப் பிடித்து நிற்க முடியாமல் நழுவும்; எனவே பெட்டிக்கு வெள்ளைப் பூச்சும், அடியில் காற்றுத் துளைகளும், சில்லின்மேல் ஒரு அலுமினியத் துண்டும் அவசியம். ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கும் முன்பே ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட வேண்டும். மின்னல் நேரே விழ வேண்டுமென்பதில்லை, பக்கத்துத் தெருவில் விழுந்தாலும் டாங்கிளோடு கணினியின் போர்ட்டும் போய்விடும்.

சட்டத்தை மறந்துவிட்டு இத்தொழிலைப் பற்றிப் பேசுவது முறையன்று. 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமமின்றி வானொலிச் சாதனங்களை வைத்திருப்பதையே கட்டுப்படுத்தியது. பழைய சட்டங்களுக்கு மாற்றாக 2023-இல் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. ஹாக்ஆர்.எஃப். போன்ற சாதனங்கள் கேட்பதோடு நில்லாமல் ஒலிபரப்பவும் வல்லவை. உரிமம் இல்லாதவர் ஒலிபரப்பும் பொத்தானின் பக்கமே போகக்கூடாது. நமக்கென்று அனுப்பப்படாத செய்திகளை வெளியே சொல்லித் திரிவதும் தகாது. மத்திய அரசு நடத்தும் தேர்வெழுதி அமெச்சூர் உரிமம் பெற்றுக்கொள்வது கடினமான காரியமன்று, வி.யு. என்று தொடங்கும் அழைப்புக்குறி ஒன்று மாணவனுக்குக் கிடைத்துவிட்டால், இந்த வித்தையில் அவனுக்கு உரிமையும் பொறுப்பும் ஒருங்கே வந்துவிடுகின்றன.

1924-ஆம் ஆண்டிலேயே, அரசாங்க நிலையம் எதுவும் தோன்றுவதற்கு முன்பு, ஆர்வலர்கள் கூடி மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் அமைத்து ஒலிபரப்பிய நகரம் நம்முடையது. அந்த மரபை முன்னிட்டுக் கல்லூரி நடத்துவோருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. மென்பொருள் வானொலியை எல்லாம் இணைத்துத் தயாராக வைத்து, மாணவர்கள் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுப் போகும் பரிசோதனையாக ஆக்காதீர்கள். டிரைவர் இல்லாத கணினியையும், உறை பிரிக்காத டாங்கிளையும், கனெக்டர் போடாத கேபிளையும் அவர்கள் கையில் கொடுங்கள். இரைச்சல் எங்கிருந்து வருகிறதென்று அவர்களே தேடட்டும், கடிகாரத்தின் பிசகை அவர்களே கணக்கிடட்டும். விலை உயர்ந்த கருவிகளை அலமாரியில் பூட்டி வைப்பதை நான் குறை சொல்லவில்லை. மொட்டைமாடியின் சாவியை மட்டுமாவது, பொறுப்புள்ள ஒரு மாணவனிடம் ஒப்படைத்து வையுங்கள்.